மாஸ்டரின் பதிவேட்டில் யாருடைய மூச்சு

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. படிவத்தின் அடியில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்திலேயே 'ஐம்பது சொற்களுக்குள்' என்று ஒரு மிரட்டலும் இருக்கும். நான் எழுதியது நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். கணினி ஐம்பதாவது சொல்லில் கத்தரி போட்டது. மேலாளருக்குப் போய்ச் சேர்ந்த குறிப்பு இப்படி முடிந்திருந்தது: "எனவே, மேற்படி எண்கள் அனைத்தும்"

அனைத்தும் என்ன? மேலாளர் ஒரே ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பினார். அதற்கான பதில்தான் இது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் முற்றிப் பல இடங்களுக்குப் பரவியவர்கள் வீட்டிலிருந்தபடியே வீடியோ அழைப்பில் வருவார்கள். வாரம் ஒரு நாள், நாற்பது நிமிடம், மொத்தம் எட்டு வாரம். நோயைக் குணப்படுத்துவது எங்கள் வேலை இல்லை, அதற்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத்திணறலையும் வலியையும் சோர்வையும் வைத்துக்கொண்டே ஒரு நாளை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. உதட்டைக் குவித்து மூச்சு விடுவது, இருக்கிற சக்தியைப் பங்கு போட்டுச் செலவழிப்பது, அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு எண் போடுவது. சைபர் என்றால் தொந்தரவு ஒன்றுமில்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது.

கதையில் வரும் பயிற்சியாளர் நான்தான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் கை தானாக என்னை நல்லவளாக்கப் பார்க்கிறது. 'அவள்' என்றால் தாராளமாகத் திட்டலாம்.

2

தொடக்கங்கள். நான்கு எழுதினேன். மூன்று செத்துவிட்டன.

அ) "அன்று மழை பெய்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு தாய்..."

[நிறுத்து. மழையும் இல்லை, மருத்துவமனையும் இல்லை, அவர் யாருக்கும் தாயும் இல்லை. புற்றுநோய் என்று எழுதினாலே வானம் ஏன் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது?]

ஆ) "ஐம்பத்தெட்டு வயதுப் பெண். நுரையீரலில் தொடங்கி விலா எலும்புகளுக்குப் பரவியுள்ளது. தற்போது..."

[இது கதை இல்லை, கோப்பு. கோப்பில் ஏற்கெனவே இருக்கிறது.]

இ) "அவர் ஒரு போராளி."

[இதை அடித்த விரலை நானே கடித்துக்கொண்டேன். நோயைப் போர் என்று சொல்லிவிட்டால், செத்துப்போகிறவர்கள் எல்லாம் சண்டை சரியாகப் போடாதவர்களா? என்ன பேச்சு இது.]

ஈ) அவள் முதலில் பார்த்தது ஒரு மூக்குத் துவாரம்.

இதுதான் உண்மை. திரை முழுக்க ஒரே ஒரு துவாரம், குகை மாதிரி.

"கேமராவைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கம்மா" என்றாள்.

"எதுக்குத் தள்ளணும்? மூச்சைப் பத்திப் பேசணும்னு சொன்னாங்க, அதான் மூக்கைக் காட்டினேன். அப்புறம் இந்த அம்மா கிம்மா எல்லாம் வேணாம். மாஸ்டர்னு கூப்பிடு. முப்பது வருஷமா டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன், ஊரே அப்படித்தான் கூப்பிடுது. நீ டாக்டரா?"

"இல்ல மாஸ்டர். மூச்சு எப்படி விடறது, உடம்பு படுத்துறப்போ அன்றாட வேலையை எப்படிச் செய்யறதுன்னு சொல்லித் தர்றவ."

"மூச்சு விடக் கத்துக்கொடுக்க ஒரு படிப்பா? எத்தனை வருஷம்?"

"அஞ்சு வருஷம் மாஸ்டர்."

"நான் இருபத்தோரு நாள்ல நெடுஞ்சாலையில விட்டுடுவேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அந்த ஐந்து வருடத்தை யார் கிண்டல் செய்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள்.*

* கடித்ததில் ஒரு பல் லேசாக உடைந்திருக்கிறது. இது கதைக்கு அவசியமில்லை. கோபத்துக்கு அவசியம்.

3

படிவத்தில் ஒரு கேள்வி: 'வரும் எட்டு வாரங்களில் நீங்கள் செய்ய விரும்பும் முக்கியமான செயல் எது?' சக்தி குறைவாக இருக்கும்போது அதை எதில் போடுவது என்று தீர்மானிப்பதற்காக இது. பெரும்பாலானவர்கள் பேரக்குழந்தை என்பார்கள், தோட்டம் என்பார்கள். ஒருவர் 'தலைக்கு நானே குளிக்கணும்' என்றார்.

மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்காரர் கார் ஓட்டணும்."

"அது அவர் செய்யற செயல் மாஸ்டர். நீங்க செய்யறது..."

"நான் கத்துக்கொடுக்கறது. எழுதிக்கோ."

காரணம் கேட்டாள். மாஸ்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. இப்பல்லாம் என்னால ஓட்ட முடியலை. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் கூட்டிட்டுப் போறார். ஒரு மணி நேரப் பயணம். ஏறி உக்காந்ததும் ஆரம்பிப்பார். சர்க்கரையை நிறுத்தினா கட்டி பட்டினியில செத்துடுமாம், யாரோ ஒரு ஆள் வெறும் எலுமிச்சம்பழத்துலயே தப்பிச்சுட்டானாம், எல்லாம் மனசுலதான் இருக்காம். சிக்னல்ல சிவப்பு விழுந்தா போதும், போனை எடுத்து வச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவார். நானும் வழியெல்லாம் சிவப்பு விழக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போவேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த ஆள் வாயைக் கேக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டே ஆஸ்பத்திரி போய்ச் சேரணும். அவ்வளவுதான் என் ஆசை."

அவள் 'முக்கியமான செயல்' கட்டத்தில் எழுதினாள்: கணவருக்குக் கார்ப் பயிற்சி. அந்த அண்ணனுக்கு இந்தக் கதையில் பெயர் 'ஃபார்வர்டு அண்ணன்'. ஏனென்று சொல்ல வேண்டியதில்லை, உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. வாசிப்பவர்கள் இந்தக் கணவரை நம்புவார்களா?

டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவரின் கணவர். வாசலில் எப்போதும் மூன்று கார்கள். முப்பது வருடமாக ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது! கல்யாணமான புதிதில் மாஸ்டரே பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தது. வாங்கி வந்த மறுநாள் ஒரு பால் வண்டி எதிரே வந்தது. இவர் காரை நடுத்தெருவில் நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கி, நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதோடு சரி. உரிமத்தை மட்டும் காலாகாலத்தில் புதுப்பித்துக்கொள்வார்.

பயந்த சுபாவமா என்றால் அதுவும் இல்லை. பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அமிலக் குடுவையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு நடப்பாராம். "அமிலம் குறுக்க வராதும்மா" என்று ஒருமுறை அழைப்பில் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

முதல் பிரதியில் அவரை நம்பும்படி ஆக்குவதற்காகச் சின்ன வயதில் ஒரு விபத்தைக் கொடுத்திருந்தேன். [விபத்தை எடுத்துவிட்டேன். ஒரு மனிதர் பயப்படக் காரணம் காட்ட வேண்டும் என்று எவன் சொன்னது?]

5

மாஸ்டர் நாங்கள் கொடுத்த பதிவேட்டை வாரம் தவறாமல் நிரப்பி அனுப்பினார். செயல், தேதி, பயிற்சிக்கு முன் எண், பயிற்சிக்குப் பின் எண். கையெழுத்து நேர்கோட்டில் போகும். பின் எண் முதல் வாரம் ஒன்பது. இரண்டாம் வாரம் ஏழு. மூன்றாம் வாரம் ஐந்து. நான்காம் வாரம் மூன்று.

புற்றுநோயின் நான்காம் நிலையில் இருப்பவருக்கு மூச்சுத்திணறல் ஒன்பதிலிருந்து மூன்று! மேலாளர் அதை வரைபடமாக்கினார். கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. "இதைப் பெரிய கூட்டத்துல காட்டப் போறேன்" என்றார். "உன் பேரையும் கீழ போடுறேன். சின்னதா." அவள் அன்று தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருடப் படிப்பு வீண்போகவில்லை என்று உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

அவளை இங்கே திட்ட வேண்டும். அந்த நாலு வாரமும் அவள் பார்த்தது தாளைத்தான். திரையில் இருந்த ஆளை இல்லை. முதல் வாரம் அண்ணனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய மாஸ்டர், நான்காம் வாரம் இப்படிப் பேசினார்:

"எப்படி இருக்கீங்க மாஸ்டர்?"

"ஓடுது."

"பயிற்சி?"

"ரிவர்ஸ் வருது."

"ரொம்பச் சுருக்கமாப் பேசுறீங்களே."

"வேலை இருக்கு."

அவள் தன் குறிப்பில் எழுதினாள்: 'தன்னம்பிக்கை கூடியிருக்கிறது. பேச்சில் கச்சிதம்.' கச்சிதமாம்! இரண்டு சொல்லுக்கு மேல் இழுக்க அவரிடம் மூச்சு இல்லை. அதைக் குணம் என்று எழுதி வைத்தாள், படித்த முட்டாள்.

6

ஐந்தாம் அமர்வு காருக்குள்ளிருந்து வந்தது. போன் டேஷ்போர்டில் மாட்டப்பட்டிருந்தது. இடப்பக்கத்தில் மாஸ்டரின் தோளும் முகமும், வலப்பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கொடிக்கம்பம் மாதிரிப் பிடித்திருந்த இரண்டு கைகள். கார் ஒரு காலி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கு நேர்லயே பாரு" என்றார் மாஸ்டர். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "என்னங்க. உதடு."

கணவர் உதட்டைக் குவித்தார். மூக்கால் இழுத்து வாயால் ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் மாஸ்டருக்குக் கற்றுத்தந்த அதே பயிற்சி, அதே கணக்கு. தோள்கள் இறங்கின. பிடி தளர்ந்தது.

"இப்ப எத்தனை?" என்றார் மாஸ்டர்.

"மூணு" என்றார் கணவர்.

மாஸ்டர் மடியிலிருந்த பதிவேட்டை எடுத்து, அழகாக '3' என்று எழுதினார்.

அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள். "மாஸ்டர்... அது யாரோட எண்?"

"இவரோடதுதான். வேற யாரோடது? வரும்போது ஒன்பது. மிரண்டுபோய் இருந்தார். இப்ப பாரு."

"இத்தனை வாரமும்?"

"ஆமா."

"அது உங்க மூச்சுத்திணறலுக்கான பதிவேடு மாஸ்டர்!"

மாஸ்டர் அவளை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். பேசுவதற்கு முன் மூன்று தடவை மூச்சு வாங்கிக்கொண்டார்.

"முப்பது வருஷமா... பதிவேடு எழுதுறேன். கத்துக்கறவங்க எப்படி ஓட்டினாங்கன்னுதான் எழுதுவோம். பக்கத்துல உக்காந்திருக்கற மாஸ்டருக்கு... எப்படி இருந்துச்சுன்னு எந்தப் பதிவேட்டுல கேட்டாங்க?"

"நான் கேக்கறேன். இப்ப உங்க எண் என்ன?"

"என்னுதா?" கூச்சப்பட்டார். யாரோ வயதைக் கேட்டுவிட்டது மாதிரி. "எட்டு. ஒன்பதுன்னும்... வச்சுக்கலாம்."

கணவரின் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து விழுந்தன. "ஒன்பதா? எங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொன்னே!"

"வண்டி ஓட்டறவர்கிட்ட... பேச்சுக் கொடுக்கக் கூடாதுங்க."

இதோ, வாசகரே, இங்கேதான் ஆபத்து. இந்த இடத்தில் நோயாளி ஒரு தத்துவம் சொல்லியாக வேண்டும் என்று கதைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாழ்க்கையே ஒரு பயணம் என்பார், நாம் எல்லோரும் பயணிகள் என்பார். மாஸ்டரும் கண்களை மூடினார். ஆழமாக இழுத்தார். உதடு அசைந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"இண்டிகேட்டர்" என்றார். "அப்பப் போட்டது... இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கு."

7

அன்றே அவள் மருத்துவரை அழைத்தாள். எண் குறைகிறது என்ற நம்பிக்கையில் நாலு வாரமாக மருந்தை யாரும் கூட்டவில்லை. மறுநாள் கூட்டினார்கள். அடுத்து மேலாளரை அழைத்தாள்.

"எண் குறைஞ்சிருக்கா இல்லையா?" என்றார்.

"குறைஞ்சது அவங்க வீட்டுக்காரரோட பயம் சார்."

"பயமும் ஒரு அறிகுறிதானே?"

"அவருக்குப் புற்றுநோய் இல்ல சார்."

"அந்தக் கோடு எவ்வளவு அழகா இறங்குச்சு" என்றார், செத்துப்போன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி.

அவள் நாலு வார எண்களையும் அடித்துவிட்டு, காரணத்தை 'இதர குறிப்புகள்' கட்டத்தில் எழுதினாள். கத்தரி போட்ட கதை உங்களுக்குத் தெரியும்.

ஆறாம் அமர்வில் புதிதாக ஆரம்பித்தார்கள். மருந்து கூட்டியும் மாஸ்டருக்கு ஒரு நாளில் இருபது நல்ல நிமிடம்தான் கிடைத்தது. அவள் கறாராகச் சொன்னாள்: பயிற்சி பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது, நடுவில் ஓய்வு, பதிவேட்டில் இரண்டு வரிசை. ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு.

"அப்புறம் முக்கியமா, கத்தக் கூடாது மாஸ்டர். ஒரு தடவை கத்தினா அஞ்சு நிமிஷ மூச்சு போயிடுது."

"கத்தாம எப்படி... டிரைவிங் சொல்லித் தர்றது?"

"கையால சொல்லுங்க. டேஷ்போர்டுல ஒரு தட்டுன்னா பிரேக். ரெண்டுன்னா கியர்."

"மூணுன்னா?" என்று கணவர் ஆவலாகக் கேட்டார்.

"மூணுன்னா... நான் உங்களைத் திட்டுறேன்னு அர்த்தம்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக மாஸ்டர் வாயைத் திறக்காமல் கற்றுக்கொடுத்தார். அந்த வாரம் மூன்று தட்டு மட்டும் நாற்பது தடவை விழுந்ததாகப் பதிவேடு சொல்கிறது. ஆனால் கணவர் தெருமுனை தாண்டினார். கடைவீதி தாண்டினார். எதிரே வந்த ஒரு லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தார், இறங்கி ஓடாமல். மாஸ்டரின் வரிசையில் ஒன்பது, ஏழாகியிருந்தது. இரண்டுதான் இறக்கம், கூட்டத்தில் காட்டும்படி ஒன்றுமில்லை. அவள் அந்த ஏழு என்ற எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் அமர்வும் ஆஸ்பத்திரித் தேதியும் ஒரே நாளில் விழுந்தன. முந்தின நாள் ஃபார்வர்டு அண்ணன் போன் செய்து, காலையில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றாராம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததாக மாஸ்டர் பிறகு சொன்னார். கணவர் போன் பக்கம் குனிந்தார். "வேணாம்ணே" என்றார். "நானே ஓட்டிட்டுப் போறேன்."

"நீயா? விளையாடறியா? போற வழியில மேம்பாலம் இருக்குடா."

"இருக்கட்டும்ணே."

8

முடிவுகள்.

மேலாளரின் முடிவு: எட்டாம் வாரம் எண் இரண்டாக இறங்குகிறது. வரைபடம் திரும்பக் கிடைக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். [இதை அவர் நிஜமாகவே கேட்டார். "கதைதானே, குறைச்சுப் போடேன்."]

அம்மாவின் முடிவு: என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இதுவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு நல்லா ஆயிடுச்சுன்னு எழுதிடு. உனக்கென்ன, பேனா உன் கையிலதானே இருக்கு?" என்றார். பேனா என் கையில்தான் இருக்கிறது. ஆனால் எழுதினால் மாஸ்டர் என்னைச் சும்மா விடமாட்டார். பொய் எண்ணை அடித்துவிட்டு அடுத்த பக்கத்தில் பொய் முடிவு போட்டால் நான் யாரைத் திட்டுவது?

அழுகை முடிவு: ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கிறது, கணவர் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறார், மாஸ்டரின் தலை ஜன்னலில் சாய்ந்து...

[கிழித்துவிட்டேன். இந்த முடிவு உங்களுக்குப் பிடித்திருந்தால் தயவுசெய்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள்.]

மீதி இருப்பது அன்று திரையில் வந்தது மட்டும்.

போன் டேஷ்போர்டில், மாஸ்டரைப் பார்த்தபடி. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். காரில் யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இருபத்தாறு நிமிடம் வேலை நேரத்தில் சும்மா இருந்தாள். அதுதான் அவள் செய்ததிலேயே உருப்படியான சிகிச்சை. பதிவேட்டில் அப்போது கணவர் நான்கு, மாஸ்டர் ஆறு.

மேம்பாலத்தின் ஏற்றத்தில், பாதியில் இருக்கும்போது, உச்சியிலிருந்த சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. பச்சை விழுந்தது. கார் ஒரு குதி குதித்து, அணைந்து, ஒரு சாண் பின்னால் வழுக்கி நின்றது.

நிறுத்தியது மாஸ்டர்தான். பயிற்சிக் கார் இல்லையா, கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்.

"நீயே ஓட்டிடும்மா" என்று கணவரின் குரல் கேட்டது. "இல்லேன்னா அண்ணனைக் கூப்பிடட்டுமா? அவர் வீடு இங்க இருந்து பக்கம்தான்."

மாஸ்டர் டேஷ்போர்டைத் தட்டவில்லை. கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். அப்புறம் திரையில் ஏதோ அசைந்தது. முதலில் ஒரு முழங்கால் மேலே வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாக அடுத்த முழங்காலும் வந்தது. மாஸ்டர் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். இனி அந்தப் பக்கத்து பிரேக்கை மிதிக்க யாரும் இல்லை.

"அய்யோ, காலைக் கீழ வையும்மா!"

"மாட்டேன்" என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கினார். "வசதியா இருக்கு."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவர் உதட்டைக் குவித்து ஊதும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. சாவி திரும்பியது. என்ஜின் பிடித்தது. ஹேண்ட்பிரேக் மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது, இன்னும் இறக்கவில்லை.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குப் பின்னால் அந்த ஏற்றத்தில் ஒரு வண்டி நிற்கிறது. அதில் இருப்பது நீங்கள். இவ்வளவு நேரமும் பின்னாலேயே வந்தீர்கள், உங்களுக்கும் போக வேண்டிய இடம் இருக்கும், தெரியும். பச்சை விழுந்து நாற்பது விநாடி ஆகிறது. உங்கள் கை ஹாரன் மேல் இருக்கிறது.

கையை எடுங்கள்.